ஸ்பிரிண்ட் நடுவே வந்து நிற்கும் மாற்றம்: எதற்கு எந்த வழி?

2021 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. துணிக்கடைகளுக்குப் பில்லிங் மென்பொருள் எழுதும் எங்கள் ஆறு பேர் குழு அன்று ராத்திரி ஒரு ரிலீஸ் விடத் தயாராக இருந்தது. விடிந்தால் துணிக்கும், ஆயிரம் ரூபாய்க்குள் விற்கும் ஆயத்த ஆடைக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆகிறது. அதே விலைக்குள் விற்கும் செருப்புக்கும் அப்படித்தான். நவம்பரிலேயே அறிவிக்கை வந்துவிட்டதால் எழுதி, டெஸ்ட் செய்து, கடைக்காரர்களுக்கும் சொல்லி வைத்திருந்தோம். அன்று ஜிஎஸ்டி கவுன்சில் கூடியது. துணிக்கான உயர்வை மட்டும் தள்ளிவைத்தது. செருப்புக்கு உயர்வு அப்படியே நின்றது. துணியும் செருப்பும் ஒரே கல்லாவில் விற்கிற கடைகள் எங்களிடம் நிறைய.

விகித அட்டவணையில் சில வரிகளை நீக்கினோம், டெஸ்டை மறுபடி ஓட்டினோம், ரிலீஸ் விட்டோம். மொத்தம் ஒன்றரை மணி நேரம்.

இதே குழு 2017 நவம்பரில் பட்ட பாடு வேறு. அப்போது ஓட்டல்களுக்கும் பில்லிங் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஏசி ஓட்டலுக்கு 18, ஏசி இல்லாததற்கு 12 என்று இருந்த வரி, நவம்பர் 15 முதல் பெரும்பாலான ஓட்டல்களுக்கு 5 ஆனது. அன்றைக்கு விகிதங்கள் நிரலுக்குள்ளேயே, அதாவது கோடுக்குள்ளேயே, பல இடங்களில் எழுதப்பட்டிருந்தன. இரண்டு ராத்திரி யாரும் தூங்கவில்லை. அப்படியும் ஒரு ரிப்போர்ட்டில் பழைய விகிதம் ஒளிந்துகொண்டு ஒரு மாதம் கழித்துத்தான் வெளியே வந்தது.

இரண்டு முறையும் வந்தது ஒரே மாதிரி மாற்றம். இரண்டு முறையும் நாங்கள் இரண்டு வார ஸ்பிரிண்ட்தான், அதாவது திட்டமிட்டு வேலையை முடிக்கும் குறுகிய சுற்றுதான், நடத்திக்கொண்டிருந்தோம். ஆகவே, மாறும் தேவைகளைச் சமாளிக்க எந்த முறை நல்லது, ஸ்பிரிண்ட் வைத்து வேலை செய்யும் ஸ்க்ரமா, ஸ்பிரிண்ட் இல்லாமல் வரிசையாக வேலை எடுக்கும் கான்பானா என்று யாராவது கேட்டால் எனக்கு நேரடியாகப் பதில் சொல்ல வருவதில்லை. அந்த மாற்றம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் கேட்கத் தோன்றுகிறது. ஐந்தாறு பேரிலிருந்து பத்துப் பேர் வரையுள்ள குழு, இரண்டு மூன்று வாரச் சுற்றில் வேலை செய்கிறது, நடுவில் மாற்றம் வந்துகொண்டே இருக்கிறது. இப்படி ஒரு இடத்தில் நீங்கள் இருந்தால், உங்கள் முன்னால் உள்ள வழிகளை நான் பழகிப் பார்த்த அளவில் ஒப்பிட்டுச் சொல்கிறேன்.

முதலில், யார் கேட்கிறார்கள்?

சட்டம் கேட்கும் மாற்றத்துக்குத் தேதி உறுதி, உள்ளடக்கம் கடைசி நாள் வரை ஆடும். 2021 டிசம்பர் 31 அதற்குச் சாட்சி. இதில் பேரம் கிடையாது. அந்தத் தேதியில் கடைக்காரர் தப்பான வரி போட்டுப் பில் கொடுத்தால் அபராதம் அவருக்கு, கெட்ட பெயர் நமக்கு.

டெமோ பார்த்துவிட்டு வாடிக்கையாளர் கேட்பது இதற்கு நேர் எதிர். தேதி நெகிழும், ஆனால் உள்ளடக்கம் பொன். திரையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவருக்கே தன் தேவை தெரிகிறது. சுற்றுச் சுற்றாக வேலை செய்வதே இதைப் பிடிக்கத்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, இப்படிச் சுற்றுகளாக வேலை செய்யும் முறைகளுக்கு அடிப்படையாக எழுதிய அஜைல் பிரகடனத்தின் இரண்டாவது கொள்கையே, வேலை முடியப்போகும் நேரத்தில் வந்தாலும் தேவை மாற்றத்தை வரவேற்கச் சொல்கிறது.

மூன்றாவது வகை, நாமே தப்பாகப் புரிந்துகொண்டது. இதைப் பலர் மாற்றம் என்று எழுதிவைத்து, வாடிக்கையாளர் மனம் மாறிவிட்டதாகச் சொல்வார்கள். அது நியாயமில்லை. அவர் முதல் நாள் சொன்னதையேதான் இன்றும் சொல்கிறார். இதைத் தனியாகக் குறித்து வையுங்கள். மாதத்துக்கு நான்கைந்து வந்தால், மாற்றத்தைச் சமாளிக்கும் முறையைத் தேடிப் பயனில்லை. தேவையைக் கேட்டு எழுதுகிற இடத்தில்தான் ஓட்டை.

விற்பனைக்குப் போனவர் கொடுத்துவிட்டு வந்த வாக்கு நான்காவது. இதற்கு முறை எதுவும் உதவாது. அவரையும் ஸ்பிரிண்ட் திட்டமிடும் கூட்டத்தில் உட்கார வைப்பது ஒன்றுதான் எங்களுக்கு வேலை செய்தது.

பூட்டி வைப்பது

ஸ்பிரிண்ட் தொடங்கிவிட்டால் எதுவும் உள்ளே வராது, வருவதெல்லாம் பேக்லாகுக்கு, அதாவது செய்ய வேண்டியவற்றின் பட்டியலுக்குப் போகும், அடுத்த சுற்றில் பார்க்கலாம். புதிதாக ஸ்க்ரம் தொடங்கும் குழுக்கள் முதலில் பிடித்துக்கொள்வது இதைத்தான். காரணம் புரிகிறது. பல வருடம் நாள் முழுக்கப் போன் வந்து, எடுத்த வேலை எதையும் முடிக்க முடியாமல் தவித்த டெவலப்பருக்கு இந்தப் பூட்டு பெரிய நிம்மதி. அந்த நிம்மதியை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். முதல் மூன்று நான்கு மாதம் இப்படி இருப்பது நல்லது என்றே சொல்வேன். குழுவுக்குத் தன் வேகம் என்ன என்று தெரிய வேண்டுமே.

ஆனால் இதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்பிரிண்ட் இரண்டு வாரம். மாற்றம் ஏதோ ஒரு நாளில் வருகிறது என்றால், அடுத்த ஸ்பிரிண்ட் தொடங்கச் சராசரியாக ஒரு வாரம் காத்திருக்கும். பிறகு அந்த ஸ்பிரிண்ட் முடிய இரண்டு வாரம். ஆக மூன்று வாரம். தொடங்கிய மறுநாளே வந்துவிட்டால் கிட்டத்தட்ட நான்கு.

2025 செப்டம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 3ஆம் தேதி, புதன்கிழமை, 12, 28 சதவீத அடுக்குகளை எடுத்துவிட்டதாகக் கவுன்சில் அறிவித்தது. அமலுக்கு வரும் நாள் 22, திங்கள். எங்கள் ஸ்பிரிண்ட் 1ஆம் தேதி தொடங்கியிருந்தது, அடுத்தது 15ஆம் தேதி. பூட்டை மதித்து 15 வரை காத்திருந்தால், 22ஆம் தேதி அந்த ஸ்பிரிண்டின் நட்டநடுவில் விழுகிறது. ஐந்து வேலை நாளில் எழுதி, டெஸ்ட் செய்து, நூற்றுக்கணக்கான கடைகளில் ஏற்ற வேண்டும். நடக்கிற காரியமா?

இன்னொன்றும் உண்டு. ஸ்க்ரம் வழிகாட்டியே இவ்வளவு இறுக்கமாகப் பூட்டச் சொல்லவில்லை. ஸ்பிரிண்டின் இலக்கைக் கெடுக்கும் மாற்றம் கூடாது என்கிறது, அவ்வளவுதான். வேலை செய்யச் செய்யத் தெரியவருவதை வைத்து, செய்யப்போகும் அளவை, எதை முதலில் செய்வது என்று முடிவெடுக்கும் பிராடக்ட் ஓனரிடம் பேசி மாற்றிக்கொள்ளலாம் என்று அதே பத்தியில் இருக்கிறது. இலக்கைப் பூட்டச் சொன்னதைப் பட்டியலைப் பூட்டச் சொன்னதாகப் பலரும் படித்துவிட்டோம்.

ஒன்று உள்ளே வந்தால் ஒன்று வெளியே

எனக்கு மிகவும் பிடித்த வழி இது. விதி எளிது. ஸ்பிரிண்ட் நடுவே புதியது வரலாம். ஆனால் அதே அளவு வேலை ஒன்று வெளியே போக வேண்டும், எது போவது என்பதைக் கேட்டவரே சொல்ல வேண்டும். தொடங்கிப் பாதி முடித்த வேலையை வெளியே அனுப்பக் கூடாது, அது மட்டும் நாங்கள் சேர்த்துக்கொண்ட விதி.

ஈரோட்டுப் பக்கம் ஒரு ஜவுளிக்கடை. டெமோ முடிந்ததும் கடைக்காரர் சொன்னார்: "தம்பி, பார்கோடு லேபிள்ல சைஸோட கலரும் வந்துட்டாப் போதுங்க. சின்ன வேலைதானே?"

எங்கள் பிராடக்ட் ஓனர் மறுக்கவும் இல்லை, தலையாட்டவும் இல்லை. "பண்ணிரலாங்கண்ணா. ஆனா இந்த வாரம் அதை எடுத்தா, நீங்க கேட்ட கடன் பாக்கி ரிப்போர்ட் அடுத்த தடவைக்குப் போயிரும். எது மொதல்ல வேணும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "ரிப்போர்ட்டு மாசக் கடைசிலதானுங்க பாப்பேன். லேபிளக் குடுத்துருங்க. அடுத்த வாரம் தீபாவளிச் சரக்கு வந்து எறங்குது, கலர் இல்லாட்டிப் பசங்க ஒவ்வொரு பொட்டியாப் பிரிச்சுப் பாக்கோணும்."

அந்த ஒரு கேள்விக்கு எவ்வளவு பதில் கிடைத்தது பாருங்கள். லேபிள் ஏன் வேண்டும், எப்போது வேண்டும், கடையில் யார் கஷ்டப்படுகிறார்கள், கடன் ரிப்போர்ட் எப்போது தேவை, எல்லாம் தெரிந்துவிட்டது. "முடியாது" என்று சொல்லியிருந்தாலும் "சரி" என்று சொல்லியிருந்தாலும் இது எதுவும் தெரிந்திருக்காது.

ஆனால் இந்த வழியில் ஒரு பள்ளம் உண்டு, அதே லேபிளில் நாங்கள் விழுந்தோம். 'அதே அளவு வேலை' என்பதை யார் அளந்தார்கள்? ஒரு நாள் வேலை என்று நினைத்து எடுத்தோம். அவர் கடையில் நிறத்தின் பெயர் சிவப்பு, நீலம் என்று இல்லை. மயில்கழுத்துப் பச்சை, மாம்பழ மஞ்சள், அரக்கு. 50 மில்லிமீட்டர் அகல லேபிளில் சைஸ், விலை, பார்கோடு போக மிஞ்சும் இடத்தில் மயில்கழுத்துப் பச்சை அடங்கவில்லை. போதாக்குறைக்கு, அவரிடம் இருந்த லேபிள் பிரிண்டருக்குள் இருக்கும் எழுத்துருவில் தமிழ் கிடையாது. ஒவ்வொரு பெயரையும் படமாக மாற்றி அனுப்ப வேண்டியிருந்தது. ஒரு நாள் மூன்றரை நாளானது. கடன் ரிப்போர்ட்டோடு இன்னொரு வேலையும் அடுத்த சுற்றுக்குப் போனது.

அதிலிருந்து, மாற்றிக்கொள்ளும் முன் அரை மணி நேரமாவது டெவலப்பரும் டெஸ்டரும் உட்கார்ந்து பார்த்த பிறகுதான் பதில் சொல்கிறோம். டெஸ்டரைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். "இதை நான் எந்தப் பிரிண்டர்ல போட்டுப் பார்க்கிறது?" என்று எங்கள் டெஸ்டர் அக்கா முதல் நாளே கேட்டிருந்தால் அந்த மூன்று நாளும் கணக்கில் வந்திருக்கும். அன்று அவரை யாரும் கேட்கவில்லை.

ஓட்டமாக விடுவது

ஸ்பிரிண்டே வேண்டாம், பலகையில் வரிசையாக டிக்கெட் (ஒரு வேலைக்கு ஒரு சீட்டு) வைத்து, கை காலியானதும் மேலே இருப்பதை எடு என்பது கான்பான். டொயோட்டா தொழிற்சாலையில் அட்டை வைத்து உதிரிபாகம் வரவழைத்த முறைதான் மென்பொருளுக்கு வந்தது. மாற்றத்தைப் பொறுத்தவரை இதைவிடச் சுலபமான வழி கிடையாது. இன்னும் எடுக்காத வேலையின் வரிசையை எந்த நிமிடமும் மாற்றலாம், யாருக்கும் நஷ்டம் இல்லை.

இதன் உயிர் ஒரே ஒரு எண்ணில் இருக்கிறது: ஒரே நேரத்தில் கையில் எத்தனை வேலை திறந்திருக்கலாம் என்ற வரம்பு. வரிசைகள் பற்றி ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த விதி ஒன்று உண்டு. அதன்படி, வாரத்துக்கு 5 டிக்கெட் முடிக்கும் குழுவில் 20 டிக்கெட் திறந்து கிடந்தால், ஒரு டிக்கெட் முடியச் சராசரியாக 4 வாரம் ஆகும். 10ஆகக் குறைத்தால் 2 வாரம். யாரும் வேகமாக வேலை செய்ய வேண்டியதில்லை, குறைவாகத் திறந்தால் போதும். வரம்பு போடாமல் கான்பான் என்று பெயர் மட்டும் வைத்துக்கொண்ட குழுக்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே கடைசியாக யார் போன் செய்தாரோ அவர் வேலைதான் மேலே இருக்கும்.

அவசரத்துக்கென்று தனியாக ஒரு பாதை வைப்பது இதில் வழக்கம். அந்தப் பாதையில் எந்த நேரத்திலும் ஒரே ஒரு டிக்கெட்தான். இரண்டாவது அவசரம் வந்தால் முதல் அவசரம் முடியக் காத்திருக்க வேண்டும், அல்லது முதலாவது அவசரமில்லை என்று அதைக் கொண்டுவந்தவர் ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளைப் பராமரிக்கும் குழுவுக்கும், சப்போர்ட் குழுவுக்கும் இதைத்தான் சொல்வேன். புதிதாக ஒன்றைக் கட்டும் குழுவுக்குத் தயங்குவேன். ஸ்பிரிண்ட் இல்லை என்றால் டெமோவுக்கு நாள் குறிப்பதும் மெல்லத் தேய்ந்துவிடுகிறது. கடைக்காரரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திரை முன் உட்கார வைக்க ஒரு தேதி வேண்டியிருக்கிறது. அது இல்லாமல் போனால் மாற்றம் வருவது குறையும், ஆனால் அது நல்ல செய்தி இல்லை. எல்லாம் சேர்ந்து கடைசியில் வரும்.

காகிதம் போட்டு, கையெழுத்து வாங்கி

நிலையான தொகைக்கு ஒப்பந்தம் போட்டவர்களுக்கு சி.ஆர். என்ற மாற்றக் கோரிக்கைப் படிவம் (change request) தவிர்க்க முடியாது. என்ன மாற்றம், எத்தனை நாள், எவ்வளவு பணம், யார் ஒப்புதல். இதைக் கேவலமாகப் பேசுவது இப்போது பழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்க வேண்டிய சின்ன நிறுவனத்துக்கு, செய்த வேலைக்குக் காசு வரும் ஒரே வழி அதுதான்.

என் கவலை வேறு. படிவம் நீண்டால் வாடிக்கையாளர் மாற்றத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார். பிறகு மென்பொருள் வந்ததும் பயன்படுத்தாமல் விட்டுவிடுகிறார். முன்கூட்டியே எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்க எஃப்.பி.ஐ.யின் வழக்குக் கோப்பு மென்பொருள் பெரிய உதாரணம். தேவைகளை எழுதிய ஆவணமே 800 பக்கத்துக்கு மேல். அப்படியும் மாற்றங்கள் வந்துகொண்டே இருந்தன. சுமார் 17 கோடி டாலர் செலவழித்து 2005இல் கைவிட்டார்கள். அடுத்து வந்த சென்டினல் திட்டமும் ஒப்பந்ததாரரிடம் இழுபறியாகக் கிடந்தது. 2010இல் எஃப்.பி.ஐ. அதைத் தன் கைக்குள் எடுத்து, சிறு குழுவோடு குட்டிக் குட்டிச் சுற்றுகளாகச் செய்து, 2012 ஜூலையில் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

எங்கள் சி.ஆர். இப்போது மூன்று வரி. என்ன மாறுகிறது, ஏன், அதனால் எது தள்ளிப்போகிறது. வாட்ஸ்அப்பில் அனுப்பி "சரி" என்று பதில் வந்தால் போதும். இரண்டு நாளுக்குமேல் போகும் வேலைக்கு மட்டும் நான்காவதாகத் தொகை வரி சேரும்.

தேதியைப் பிடித்துக்கொண்டு அளவை விடுவது

நேரமும் ஆளும் மாறாது, எவ்வளவு செய்கிறோம் என்பது மட்டும் மாறும். டி.எஸ்.டி.எம். என்ற முறை, கட்டாயம் வேண்டும் என்ற வகையில் மொத்த உழைப்பில் 60 சதவீதத்துக்குமேல் வைக்காதே என்கிறது. மீதி 40 இருந்தால்தான் மாற்றம் வரும்போது விட்டுக்கொடுக்க ஏதாவது இருக்கும். பேஸ்கேம்ப் மென்பொருளை எழுதும் நிறுவனம் ஆறு வாரச் சுற்று, சுற்றுகளுக்கு நடுவில் இரண்டு வார இடைவெளி என்று இதே எண்ணத்தை வேறு விதமாகச் செய்கிறது. தீபாவளிக்கு முன் கடையில் ஓடியாக வேண்டும் என்பது போன்ற வேலைக்கு இது கச்சிதம். சின்னக் குழுவில் மாதா மாதம் இப்படி நடத்துவது சிரமம், அதனால் நாங்கள் வருடத்துக்கு ஒருமுறை, ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மட்டும் செய்கிறோம்.

கோடுக்குள்ளேயே இடம் விடுவது

மேலே சொன்ன எல்லாம் மாற்றம் எப்போது உள்ளே வரலாம் என்பதைப் பற்றியவை. வந்த மாற்றத்தைச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்பதை அவை தொடுவதே இல்லை. 2017இன் இரண்டு ராத்திரிக்கும் 2021இன் ஒன்றரை மணி நேரத்துக்கும் வித்தியாசம் இங்கேதான் இருந்தது.

நாங்கள் செய்தது பெரிய வித்தையில்லை. வரி விகிதத்தைக் கோடிலிருந்து எடுத்து ஓர் அட்டவணையில் வைத்தோம். பொருளின் எச்.எஸ்.என். எண் (வரிக்காகப் பொருளை வகைப்படுத்தும் எண்), விலைக்கு எத்தனையிலிருந்து எத்தனை வரை, விகிதம், எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை. கடைசி இரண்டு கட்டங்களும்தான் உயிர். 'இன்றைய விகிதம் என்ன' என்று கேட்கும் மென்பொருளும், 'இந்தப் பில் போட்ட தேதியில் விகிதம் என்ன' என்று கேட்கும் மென்பொருளும் பார்க்க ஒன்று போலவே இருக்கும், விகிதம் மாறும் நாள் வரை. 2025 செப்டம்பர் 20 அன்று 1,500 ரூபாய் சட்டை 12 சதவீதத்தில் விற்றது. 25ஆம் தேதி அளவு சரியில்லை என்று திரும்பி வந்தது. அன்றைய விகிதம் 5. ஆனால் திரும்பிய சரக்குக்குக் கொடுக்கும் கிரெடிட் நோட் பழைய பில்லின் 12 சதவீதத்தில்தான் போக வேண்டும். தேதிக் கட்டம் இல்லாதவர்கள் அந்த வாரம் ஒவ்வொரு ரிட்டர்னையும் கையால் திருத்தினார்கள்.

இ-இன்வாய்ஸ், அதாவது அரசுத் தளத்தில் பதிந்து போடும் பில், எந்த விற்றுமுதலுக்கு மேல் கட்டாயம் என்ற வரம்பும் அப்படித்தான். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய் விற்றுமுதல் என்று தொடங்கி, 100, 50, 20, 10 என்று இறங்கி 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு வந்தது. அந்த எண்ணை அட்டவணையில் வைத்தவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு வரி. கோடில் எழுதியவர்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒரு ரிலீஸ்.

இதிலும் எல்லை உண்டு. ஒருமுறை சூடுபட்ட பிறகு நாங்கள் எல்லாவற்றையும் அட்டவணையில் போடத் தொடங்கினோம். பில்லின் தலைப்பு, ரவுண்டிங், தள்ளுபடி வரிசை, எல்லாமே செட்டிங்ஸ். திரை நான்கு பக்கம் நீண்டது. எந்தெந்தச் சேர்க்கையில் எது உடையும் என்று டெஸ்ட் செய்யவே முடியவில்லை. பாதியை மறுபடி பிடுங்கி எறிந்தோம். இப்போது பின்பற்றுவது இதுதான்: முதல்முறை நேராகக் கோடில் எழுது, அதே இடம் இரண்டாம் முறை மாறினால் அட்டவணைக்குக் கொண்டுபோ. சட்டத்திலிருந்து வரும் எண்ணுக்கு மட்டும் முதல்முறையே அட்டவணை.

அட்டவணையாலும் தீராத தேவை மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் வந்த புதிய விதிப்படி ஓர் ஆடை 2,500 ரூபாய்க்குள் இருந்தால் 5 சதவீதம், தாண்டினால் 18. கேட்க எளிது. ஆனால் கடையில் டேகில் இருப்பது வரி சேர்ந்த விலை. டேகில் 2,700 என்று இருக்கிறது என்று வையுங்கள். 5 சதவீதம் என்று எடுத்து வரியைக் கழித்தால் வரிக்கு முந்தைய விலை 2,571 வருகிறது. 2,500ஐத் தாண்டிவிட்டது, ஆக 5 பொருந்தாது. சரி, 18 என்று எடுத்தால் 2,288 வருகிறது. 2,500க்குள் வந்துவிட்டது, ஆக 18உம் பொருந்தாது. 2,625க்கு மேல் 2,950 வரை எந்த டேக் விலை போட்டாலும் இதே சிக்கல். பழைய ஆயிரம் ரூபாய் வரம்பிலும் இது இருந்தது, 1,050க்கும் 1,120க்கும் நடுவே. இடைவெளி குறுகலாக இருந்ததால் அதிகம் கண்ணில் படவில்லை.

எங்கள் டெஸ்டர் அக்கா இதைச் செப்டம்பர் 9ஆம் தேதி கண்டுபிடித்தார். எந்த ஆவணத்திலும் இது இல்லை, எந்த வாடிக்கையாளரும் கேட்கவில்லை. எழுதிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மென்பொருள் தானாக முடிவெடுக்கக் கூடாது என்று தீர்மானித்தோம். அந்த இடைவெளிக்குள் விலை விழுந்தால் கல்லாவில் எச்சரிக்கை வரும், வரிக்கு முந்தைய விலையைக் கடைக்காரரே போட வேண்டும். அவர்கள் ஆடிட்டரைக் கேட்டுக்கொண்டு டேக் விலையையே மாற்றினார்கள்.

நான் எதைத் தேர்ந்தெடுப்பேன்

புதிதாகச் சேர்ந்த குழு, வாடிக்கையாளர் ஒரே ஒருவர், மாற்றம் பெரும்பாலும் டெமோவிலிருந்து வருகிறது என்றால்: நான்கு மாதம் பூட்டி வையுங்கள், வேகம் தெரிந்ததும் ஒன்றுக்கு ஒன்று முறைக்கு வாருங்கள். கான்பானுக்கு அவசரப்பட வேண்டாம்.

எங்களைப் போல நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர், சட்ட மாற்றம் அடிக்கடி என்றால் கலந்துதான் செய்ய வேண்டும். இரண்டு வார ஸ்பிரிண்ட் இருக்கட்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு நேரத்தை எதற்கும் ஒதுக்காமல் விடுங்கள். மீறி வந்தால் ஒன்றுக்கு ஒன்று. சட்டத் தேதி உள்ளவற்றுக்கு மட்டும் பலகையில் தனி வரிசை, அதில் ஒரு நேரத்தில் ஒன்றுதான். நிர்வாகத்தில் இருப்பவருக்கு அந்த ஐந்தில் ஒரு பங்கு சும்மா இருப்பது போலத் தெரியும். எங்கள் இடத்தில் மூன்று மாதம் அந்த நேரம் எதற்குப் போனது என்று எழுதிக் காட்டிய பிறகுதான் கேள்வி நின்றது.

நிலையான தொகை ஒப்பந்தம் என்றால் மூன்று வரி சி.ஆர். கட்டாயம். ஆனால் ஒப்பந்தத்திலேயே, கேட்டதில் ஒன்றை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றைக் காசில்லாமல் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்துக்காகக் காத்திருக்கும் நாட்களில் பெரும்பகுதி அதில் மிச்சமாகிவிடும்.

2025 செப்டம்பரில் நாங்கள் செய்தது இந்தக் கலவைதான். 3ஆம் தேதி ராத்திரி அறிவிப்பு வந்தது. 4ஆம் தேதி காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்தில், இன்னும் தொடங்காத இரண்டு வேலைகளை வெளியே எடுத்து, அவற்றைக் கேட்ட கடைக்காரர்களுக்குப் போன் செய்தோம். இருவரும் தங்களுக்கும் 22ஆம் தேதிதான் முக்கியம் என்றார்கள். அறிவிக்கை வெளியானது 17ஆம் தேதி. அதற்குள் மற்றதெல்லாம் முடிந்திருந்ததால், விகித வரிகளை அறிவிக்கையோடு ஒத்துப் பார்ப்பது மட்டும் மிச்சம். 18, 19, 20 மூன்று நாளும் கடைகளில் ஏற்றினோம். 22ஆம் தேதி காலை பத்தரைக்கு முதல் போன் வந்தது. 2,800 ரூபாய்ச் சுடிதாருக்கு ஏன் சிவப்பாக எச்சரிக்கை வருகிறது என்று கேட்டார்கள்.